கையெழுத்திடாத கைவினைஞர்: பிரான்சுவா டூர்ட்

நெல்லைச் சீமையில் வில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேட்டுவனின் கைவில் அன்று, வில்லுப்பாட்டே. கங்கைகொண்டானைச் சூழ்ந்த சிற்றூர்களின் கோயிற்கொடைகளில், பனையின் வைரக்கட்டையை வளைத்து நாணேற்றி, மணிகள் கோத்து, குடத்தின்மீது சார்த்தி, வீசுகோலால் தட்டிக் கதை சொல்லும் அக்கலையை இப்பகுதியில் அறியாதார் இலர். இன்னும் பின்னோக்கிச் சென்றால் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையனைக் காண்கிறோம். குமிழ மரத்தின் உட்டுளை பொருந்திய கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டித் தன் கையாலேயே வில்யாழ் ஒன்றைச் செய்துகொள்கிறான் அவன். மரக்கொம்பின் வளைவிலிருந்து இசை பிறக்கும் செய்தி தமிழர்க்குப் புதியதன்று.

எனினும் ஈண்டு நாம் காணவிருப்பது பிறிதொரு வில். வயலின் என்றும் பிடில் என்றும் வழங்கும் கருவியின் நரம்புகளை உரசி ஒலியெழுப்பும், முக்கால் மீட்டர் நீளமுள்ள மெல்லிய மரக்கோல் அது. கச்சேரி மேடையில் பிடில் வித்துவானின் இடக்கை விரல்களைப் புகழ்கிறோம். கருவியைச் செய்தவர் இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி என்று எவரேனும் சொன்னால் வியந்து நிற்கிறோம். வலக்கையில் உள்ள கோலைச் செய்தவர் யார் என்று கேட்போர் மிக அரியர். ஆனால் ஓசையைத் தேய்வின்றி நீட்டுவதும், ஒரு சுரத்தை அழுத்தி அடுத்ததை மெலிப்பதும், கமகத்தை அறுபடாமல் இழைப்பதும் அந்தக் கோலின் பணியே. பாடகருக்கு மூச்சு எத்தகையதோ பிடிலுக்கு வில் அத்தகையது. அந்த வில்லுக்கு இன்றுள்ள வடிவையும் அளவையும் தந்தவர்களுள் தலையாயவர், பாரிசு நகரில் வாழ்ந்து 1835-இல் மறைந்த பிரான்சுவா சேவியர் டூர்ட் என்னும் கைத்தொழிலாளர். அவர் எழுதப் படிக்க அறியாதவர் என்று அவர் வரலாற்றை முதன்முதலில் எழுதியவர் குறித்துள்ளார். அவர் கை இழைத்த கோலில் கணித விதியொன்று பொதிந்து கிடப்பதைப் பிற்காலத்தார் அளந்து கண்டனர். இக்கட்டுரைக்கு வேண்டிய பொருள் இவ்விரண்டு செய்திகளுக்கும் இடையில்தான் இருக்கிறது.

நரம்பை வில்லால் உரசும் முறை ஐரோப்பாவில் தோன்றியதன்று. பத்தாம் நூற்றாண்டளவில் நடு ஆசியாவில், குதிரையோடு வாழ்ந்த மக்களிடையே அது தோன்றியிருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் பலர் துணிபு. குதிரைவால் மயிரே இன்றளவும் வில்லின் நாணாக விளங்குவதும் இதற்கு ஒத்துவருகிறது. நடு ஆசியாவில் பிறந்து 950-இல் மறைந்த பேரறிஞர் அல்-ஃபாராபியின் இசைப் பெருநூலில், வில்லால் இசைக்கும் ரபாப் இடம்பெற்றுள்ளது என்பர். அரபு உலகின் வழியாக அம்முறை ஒருபுறம் பைசாந்தியத்திற்கும் மறுபுறம் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்கும் சென்று, பின்னர் ஐரோப்பா முழுதும் பரவியது. டூர்ட் கையில் வந்து சேர்ந்த தொழிலுக்கு எண்ணூறு ஆண்டு வயது ஆகியிருந்தது.

கடிகாரப் பட்டறையிலிருந்து

டூர்ட் பாரிசில் 1747-ஆம் ஆண்டிலோ 1748-ஆம் ஆண்டிலோ பிறந்தார். தந்தை நிக்கோலா பியேர் டூர்ட் வில் செய்பவர், 1764-இல் காலமானார். மூத்த மகன் நிக்கோலா லெயோனார் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். இளையவரான பிரான்சுவாவைக் கடிகாரம் செய்வோரிடம் தொழில் பழக விட்டனர். பள்ளிக்கல்விக்கு இடமின்றி இளமையிலேயே பட்டறை புகுந்த அவர், அங்கே எட்டு ஆண்டுகள் உழைத்தார். அத்தொழில் தந்த வருவாய் மனநிறைவு அளிக்காமையால் அதனைக் கைவிட்டு, குடும்பத் தொழிலுக்கே திரும்பினார்.

இச்செய்திகளை நமக்குத் தருபவர் பெல்ஜிய நாட்டு இசையறிஞர் ஃபெட்டிஸ். ஸ்ட்ராடிவாரி பற்றி 1856-இல் அவர் வெளியிட்ட நூலில் டூர்ட்டுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கினார். டூர்ட் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டமையாலும், செய்திகளிற் பெரும்பகுதியை அளித்த வியோம் என்பார் தாமே பிடிலும் வில்லும் விற்ற வணிகர் ஆதலாலும், ஒவ்வொரு சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அவர் தரும் தொழில் விவரங்கள் டூர்ட் வில்களோடு பொருந்தி நிற்கின்றன. எட்டாண்டுக் கடிகாரப் பழக்கம் வீணாகவில்லை என்றே நான் கருதுகிறேன். மயிரிழை வேறுபாட்டையும் பொறுக்காத கண்ணும், பித்தளையையும் வெள்ளியையும் நுட்பமாக அரத்தால் தேய்க்கும் கையும் தச்சுப் பட்டறையில் எளிதில் வாய்ப்பன அல்ல.

தொடக்கத்தில் நல்ல மரம் வாங்க அவரிடம் பொருள் இல்லை. சர்க்கரை வந்திறங்கிய பழைய பீப்பாய்களின் பலகைகளை வாங்கி, அவற்றில் வில் செய்து கை பழகினார். அவ்வில்கள் இருபது, முப்பது சூ விலைக்குப் போயின. ஒரு பிராங்குக்கு இருபது சூ. அதாவது ஒரு வில்லுக்கு ஒன்று, ஒன்றரை பிராங்குதான். கெட்டாலும் இழப்பில்லாத அம்மரத்தில் அவர் எத்தனை வகையாகச் சீவிப் பார்த்திருப்பார் என்பதை நாமே உய்த்துணரலாம்.

செம்மரம்

டூர்ட்டின் முதல் சாதனை மரத்தைத் தேர்ந்தமை. வில்லுக்கு வேண்டிய மரம் ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரு பண்புகளை உடையதாதல் வேண்டும். கையில் கனக்கக்கூடாது, ஆயினும் விறைப்பாக நிற்க வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும். விட்டால் பழைய நிலைக்கு உடனே மீள வேண்டும். பல மரங்களை ஆய்ந்து, தென் அமெரிக்காவின் பிரேசில் நாட்டுப் பெர்னாம்புகோ பகுதியிலிருந்து வந்த செம்மரமே இதற்கு ஏற்றது என்று அவர் கண்டார். 1775-க்கும் 1780-க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் தொழிலின் திருப்பம் நிகழ்ந்தது என்பது ஃபெட்டிஸ் தரும் கணக்கு.

அம்மரம் ஐரோப்பாவிற்கு வந்தது இசைக்காக அன்று, துணிகளுக்குச் சாயமேற்றுவதற்காக. இங்கே நெல்லை வாசகர்கள் சற்று நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. செஞ்சாயம் தரும் கீழைநாட்டு மரமொன்றை ஐரோப்பியர் இடைக்காலத்திலேயே அறிந்திருந்தனர். அரபு வணிகர் அதனைப் பக்கம் என்றனர்; தமிழில் சப்பங்கம், பதிமுகம் என்பன அதன் பெயர்கள். செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் குடிநீரில் இட்டுக் கொதிக்கவைத்து இளஞ்சிவப்பாக்கும் சிராய் அதுவே. கொல்லத்துச் சப்பங்கம் இத்தாலியச் சந்தைகளில் ஊர்ப்பெயராலேயே விலைபோயிற்று. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கொல்லத்தின் இச்செம்மரத்தையும் குறித்துள்ளார். இக்கீழை மரத்திற்குத்தான் ஐரோப்பியர் முதலில் பிரேசில் என்று பெயரிட்டிருந்தனர். 1500-இல் போர்ச்சுகீசியர் கடல்கடந்து கண்ட புதிய நிலத்தில் அதே சாயம் தரும் மரங்கள் காடாக நின்றன. மரத்தின் பெயர் நாட்டின் பெயராயிற்று.

பத்தமடையில் முஸ்லிம் நெசவாளர்கள் கோரையைப் பட்டுப்போல் நெய்யும் பாய்களுக்கு முற்காலத்தில் செந்நிறம் ஊட்டியது சப்பங்கமே. பத்தமடைப் பாயின் சிவப்பும் டூர்ட் வில்லின் செம்மையும் உறவு மரங்களில் ஊறும் ஒரே சாயப்பொருளால் வந்தவை. தாவரவியலார் 2016-இல் பிரேசில் மரத்தைத் தனிப் பேரினமாகப் பிரிக்கும் வரை இரண்டும் ஒரே பேரினத்தில்தான் வைக்கப்பட்டிருந்தன.

சாயத்திற்கென வெட்டிய மரத்தை வில்லுக்குக் கொள்வதில் இடர்ப்பாடு மிகுதி. சாயப் பட்டறைக்கு மரம் தூளானால் போதும். கணுவும் கோணலும் வெடிப்பும் அங்கே குறையல்ல. ஆதலால் எவரும் நேரிழை பார்த்து வெட்டி அனுப்பவில்லை. பல ஆயிரம் கிலோ கட்டைகளைப் புரட்டினாலும் வில்லுக்கு ஆகும் துண்டுகள் ஒரு சிலவே கிடைத்தன. போதாக்குறைக்குப் பிரான்சும் இங்கிலாந்தும் கடலில் போரிட்டுக்கொண்டிருந்தமையால் கப்பல் வரத்துக் குறைந்து, மரத்தின் விலை மிகவும் உயர்ந்தது. பீப்பாய்ப் பலகையில் தொடங்கிய தொழிலாளிக்கு இஃது எளிய தொகையன்று.

வளைவும் அளவும்

முற்கால வில் வேட்டை வில்லையே ஒத்திருந்தது. கோல் மயிருக்கு எதிர்ப்புறமாகப் புடைத்து நிற்கும். காலப்போக்கில் அது நேராகி, பின் மெல்ல மயிரை நோக்கி உட்குழியத் தொடங்கிற்று. டூர்ட் இவ்வுள்வளைவை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். வில்லை நரம்பில் அழுத்தினாலும் உள்வளைவு கொண்ட கோல் தளராமல் மயிரின் இறுக்கத்தைக் காத்து நிற்கும். பிடியில் எழுந்த ஓசையின் வலிமை நுனி வரை குறையாது. துள்ளி விழும் நுண்ணிய அடிகளும் கைகூடும்.

இவ்வளைவை உண்டாக்கிய முறையில் அவர் திறம் தெளிவாகப் புலப்படுகிறது. சிலர் மரத்தையே வளைவாக அறுத்துக் கோல் செய்தனர். அவ்வாறு அறுத்தால் மரத்தின் இழை குறுக்கே வெட்டுண்டு வலிமை குன்றும். டூர்ட் இழை நேரே ஓடும்படி கோலைச் சீவிக்கொண்டு, பின்னர் நெருப்பில் காட்டி வளைத்தார். மேற்பரப்பு மட்டும் சூடேறினால் வளைவு நாளடைவில் நிமிர்ந்துவிடும். உள்ளிழை வரை வெப்பம் ஏற வேண்டும், மேல் தோல் கருகவும் கூடாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவில் என்பதற்கு அளவுகோல் எதுவும் அந்நாளில் இல்லை. மரத்தின் மணமும் கையின் உணர்வுமே கருவிகள்.

1782-இல் இத்தாலியப் பிடில் மேதை வியோட்டி பாரிசுக்கு வந்தார். அவர் வாசிப்பு நகரையே ஈர்த்தது. வாசிப்பவரின் குறையும் செய்பவரின் விடையும் அங்கே எதிரெதிரே அமர்ந்து பேசியிருத்தல் வேண்டும். வில்மயிர் உருண்டு திரண்டு ஒரு கற்றையாகிவிடுவது அதுவரை இருந்த பெருங்குறை. நாடாபோல் பரந்து கிடந்தால்தான் நரம்பை முழுமையாகப் பற்றும். பிடிப்பகுதியின் வாயில் வெள்ளியாலான சிறு வளையம் ஒன்றைப் பொருத்தி, உள்ளே மர ஆப்பு வைத்து, மயிரைத் தட்டையாகப் பரப்பினார் டூர்ட். அடியில் முத்துச்சிப்பித் தகடு ஒன்று நழுவி வந்து மூடிக்கொள்ளும். இதற்கு வியோட்டியின் கருத்துரையே தூண்டுகோல் என்பது மரபு.

பிடில் வில்லுக்குத் திருகாணிக் குமிழ் உட்பட 74 முதல் 75 சென்டிமீட்டர் நீளம் என்று அவர் நிறுத்தினார். வில்லின் எடை நிலைகொள்ளும் புள்ளி பிடிப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் தொலைவில் அமைந்தது. உயரமான நுனித்தலை கனத்தால் கையை இழுக்கும். அதை ஈடுசெய்யப் பிடியில் பொன்னும் வெள்ளியும் சிப்பியும் ஏறின. அணிகலன்போல் தோன்றும் அவ்வுலோகம் உண்மையில் எடைக்கல்.

குதிரைமயிர் பற்றிய செய்தியில் அவர் மகளும் வருகிறார். டூர்ட் பிரான்சு நாட்டுக் குதிரைகளின் மயிரையே விரும்பினார். அதனைச் சோப்பிட்டுக் கழுவி, தவிட்டுநீரில் அலசி, இறுதியில் சிறிது நீலம் கலந்த தூயநீரில் தோய்த்தெடுப்பது வழக்கம். ஒவ்வோர் இழையையும் பார்த்து, உருண்டு சீராக உள்ளதை மட்டும் கொண்டு எஞ்சியவற்றைக் கழிக்கும் வேலையை மகளே இடையறாது செய்துவந்தார். எண்ணற்ற இழைகளில் அப்பெண்ணின் கண் பட்டுத் தேறியவையே வில்லேறின. வரலாற்று நூல்கள் இவ்வுழைப்பை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

தொழிலும் விலையும்

பொன் பூட்டி, சிப்பியும் ஆமையோடும் பதித்த வில் 12 லூயிப் பொன்னுக்கு விற்றது. வெள்ளி பூட்டியது மூன்றரை லூயி. அணியற்றது 36 பிராங்கு. முன்னைய ஒன்றரை பிராங்கோடு ஒப்பிட்டுக் காண்க. புகழ் வந்த பின்னும் அவர் வேலையை விரைவுபடுத்தவில்லை. முடித்த வில்லில் சிறு பழுது தென்பட்டாலும் அதனை விற்காமல் முறித்துப்போடுவார் என்பர். அத்தனை அரிதாகக் கிடைத்த மரத்தை முறித்தெறிவது இரக்கமற்ற செயலாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அப்பழுது இன்னொருவர் கையில் போய்ப் பேசுவதை அவர் பொறுக்கவில்லை.

சேன் ஆற்றின் கரைத்தெரு ஒன்றில் அவர் வாழ்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியும், நெப்போலியன் எழுச்சியும் வீழ்ச்சியும் அவர் வாழ்நாளிலேயே அந்நகரில் நடந்தேறின. பகல் முழுதும் பட்டறை. வேலை முடிந்தால் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரை. அறுபதாண்டுகளுக்கும் மேலாக அவர் நாட்கள் இவ்வாறே சென்றன. கண்ணொளி மங்கிய பின்னரே, எண்பத்தைந்து வயதை ஒட்டி, கருவிகளைக் கீழே வைத்தார். 1835 ஏப்ரலில் மறைந்தார்.

தம் வில்களில் அவர் பெயர் பொறிக்கவில்லை. அக்காலக் கைவினைஞர் பலர் கோலில் பெயரைச் சூட்டுமுத்திரையாக இட்டனர். டூர்ட் அதனை வழக்கமாகக் கொள்ளவில்லை. மிகச் சில வில்களுள் மட்டும் சிறு சீட்டு ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. 1824-இல் தமது எழுபத்தேழாம் வயதில் டூர்ட் இதனைச் செய்தார் என்னும் செய்தி அதில் உண்டு. அதனை எழுதியது எவர் கையாயினும், பெயரைவிட வயதைச் சொல்வதில் அம்முதியவர்க்கு ஒரு பெருமை இருந்ததை உணரலாம்.

எட்டயபுரத்துச் சாலை

அந்த 1824-ஆம் ஆண்டில்தான் முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவை வித்துவானாக அமர்ந்தார். சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு இயைவித்த முன்னோடி அவர். தஞ்சை வடிவேலுவும் அப்பணியில் அவரோடு வைத்து எண்ணத்தக்கவர். 1834-இல் சுவாதித் திருநாள் மன்னர் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். நெல்லையிலிருந்து கங்கைகொண்டான், கயத்தாறு, கோவில்பட்டி எனச் செல்லும் சாலையில் கிழக்கே திரும்பினால் எட்டயபுரம். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் அவ்வூரில் 1835 அக்டோபரில், தீபாவளி நாளில் மறைந்தார்; டூர்ட் மறைந்து ஆறே திங்கள் ஆகியிருந்தது. ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத அவ்விருவரின் உழைப்பும் இன்று ஒரே மேடையில் ஒலிக்கின்றன. தீட்சிதர் கிருதியின் நீண்ட சௌக்க காலத்தைப் பிடிலில் இழுப்போர் கையில் இருப்பது டூர்ட் வகுத்த வடிவமே. தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் நம் முறைக்கென வில்லின் வடிவத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

பின்னர் வியோம் டூர்ட்டின் வில்களை அளந்து பார்த்தார். பிடியை அடுத்த 11 சென்டிமீட்டர் வரை கோலின் பருமன் 8.6 மில்லிமீட்டராக மாறாமல் நிற்கிறது. அதன் பின் மெல்ல மெலிந்து நுனியில் 5.3 மில்லிமீட்டர் ஆகிறது. அம்மெலிவு ஒரே சீராக நிகழவில்லை. நுனியை நெருங்க நெருங்க விரைகிறது. ஒவ்வொரு படியாகப் பருமன் குறையும் இடங்களின் இடைவெளிகள் ஓர் ஒழுங்கில் சுருங்கிக்கொண்டே போகின்றன. இவ்வொழுங்கை மடக்கைக் கணக்கோடு பொருத்திக் காட்டி, வரைபடமாகவே வகுத்தார் வியோம். ஃபெட்டிஸ் அதனை 1856-ஆம் ஆண்டு நூலில் வெளியிட்டார். மடக்கை என்னும் சொல்லையே கேட்டிராத ஒருவர், கோலைக் கையில் நிறுத்தி, வளைத்து, மீண்டும் ஒரு சீவல் சீவி, அதே இடத்தை அடைந்திருந்தார். இவரைப் பாமரர் என்று எழுத என் கை வரவில்லை. ஏட்டுக்கல்வி ஒன்றையே கல்வி என்று கொள்ளும் நம் வழக்கத்தில் எங்கோ ஓர் அளவு பிழைபட்டிருக்கிறது.

இலண்டனில் ஏறத்தாழ அதே காலத்தில் ஜான் டாட் என்பவரும் இத்தகைய வடிவத்தைத் தாமே கண்டடைந்தார். அவர் தொழில் நுணுக்கத்தை எவர்க்கும் கற்றுத்தரவில்லை என்பர். 1839-இல் ஏழையர் விடுதியில் மறைந்தார். டூர்ட் நுணுக்கமோ அளந்தும் பார்த்தும் பலர்க்கும் பொதுவாகி, பிரெஞ்சுப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

ஃபெட்டிஸ் நூல் வெளிவந்த அதே 1856-இல் இங்கிலாந்தில் பெர்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அவ்வழியில் வந்த புதிய சாயங்கள் சாயமர வணிகத்தைச் சாய்த்தன. பத்தமடையிலும் காலப்போக்கில் வேதிச்சாயம் புகுந்தது. ஆயினும் பெர்னாம்புகோ மரத்திற்கு விடுதலை கிட்டவில்லை. முந்நூறு ஆண்டுகள் வெட்டுண்டு மெலிந்த அதன் காடு, பின்னர்க் கரும்புக்கும் காப்பிக்கும் நகரங்களுக்கும் இடம்விட்டுக் கரையோரத் துண்டுகளாகச் சுருங்கிற்று. 2007-இல் அம்மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கரிம இழையால் செய்த வில்கள் சந்தைக்கு வந்து மாணவர் பலர் கையில் இருக்கின்றன. அவையும் டூர்ட் வளைவையே பின்பற்றுகின்றன. பல நாடுகளின் வில் செய்வோர் ஒன்றுகூடிப் பொருள் திரட்டி, பிரேசிலில் அம்மரக்கன்றுகளை நட்டு வளர்க்கத் தொடங்கினர். நட்ட கன்று சாயமும் வைரமும் ஏறி வில்லுக்கு ஆகும் பருவம் எய்த ஒரு தலைமுறைக் காலமேனும் செல்லும். நடுவோரிற் பலர் அம்மரத்தைத் தம் கையால் சீவப்போவதில்லை.